பின்னங்காலைப் பார்க்கச் சொன்ன சேர்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டபோதே, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் கிரிக்கெட் போட்டிகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும். நான் விலங்கியல் ஆய்வுகூடத்தின் பின்புறம் வேம்பின் கீழ் இருந்த தேன்பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். என்னோடு உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்கு அது கட்டாயம் நினைவிருக்கும். பெட்டியைத் தாங்கிய நான்கு கால்களும் தண்ணீர் நிரப்பிய சிரட்டைகளில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க எங்கள் விலங்கியல் ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று அழைத்தவர், செய்த ஏற்பாடு அது.

யாழ்ப்பாணத்தில் தேனீ என்றதும் எல்லோருக்கும் தேன்தான் நினைவுக்கு வரும். மருந்து குழைக்கத் தேன், பச்சைக் குழந்தையின் நாவில் தொட்டுவைக்கத் தேன். சேரோ தேனைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. “தம்பி, வாசலில் வந்து இறங்குகிறதின் பின்னங்காலைப் பாரும்” என்று கைவில்லையை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, நீட்டுவார். காலை முதற்பாடம் தொடங்குவதற்கு முன்பே எங்களை அங்கே கூட்டிவிடுவார். பாளை வெடித்த தென்னைகளுக்குப் போய் வருகிற தேனீக்களின் கால்களில் வெளிறிய மஞ்சள் உருண்டைகள் இருக்கும். பூசணிப் பக்கம் போனவை கடும் மஞ்சளாகத் திரும்பும். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே இனப் பூவைத்தான் நாடும். அதனால் உருண்டையின் நிறத்தை வைத்தே அது எங்கே போய் வந்தது என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

அந்த உருண்டை எப்படி உண்டாகிறது என்பதை அவர் விளக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தேனீயின் உடல் மயிர்கள் கிளைவிட்டவை, அவற்றில் மகரந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். முன்கால்களாலும் நடுக்கால்களாலும் அதை வழித்து, வாயிலிருந்து சிறிது தேன் சேர்த்து ஈரமாக்கும். பின்னங்காலின் உட்புறம் வரிசை வரிசையாகத் தடித்த மயிர்கள் உண்டு. ஒரு காலின் மயிரில் ஏறிய தூளை மறு கால் சுரண்டி எடுக்கும். பிறகு மூட்டை மடக்கும்போது அந்த ஈரத்தூள் நசுங்கி, காலின் வெளிப்புறத்தில் உள்ள மகரந்தக் கூடைக்குள் ஏறும். கூடையின் நடுவே நிற்கும் நீண்ட ஒற்றை மயிர் உருண்டை கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும். இதில் பெரும்பகுதி பறக்கும்போதே நடந்துவிடுகிறது.

ஒருநாள் செவ்வரத்தை (செம்பருத்தி) மகரந்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினார். பெரிய உருண்டை மணிகள், சுற்றிலும் முட்கள். அந்த முட்கள் மகரந்தத்தைக் கூடையில் நெருக்கி அமுக்கவிடாது. பருத்தியிலும் இதே சிக்கல் உண்டு. செவ்வரத்தைக்குள் புகுந்து உடல் முழுதும் மஞ்சள் பூசிக்கொண்டு வெறுங்காலோடு திரும்பும் தேனீயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுகூடத்து மேசைதான் நினைவுக்கு வரும்.

தேன் தேனீக்குச் சோறு, மகரந்தம்தான் பருப்பும் முட்டையும் கீரையும் என்பார் சேர். பறப்பதற்கான வலு தேனிலிருந்து கிடைக்கிறது. புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, கனிமம் எல்லாம் மகரந்தத்திலிருந்து வரவேண்டும். கொண்டுவருகிற தேனீ அதை அதிகம் தின்பதில்லை. ஓர் அறைக்குள் பின்னங்கால்களை விட்டு உருண்டைகளைத் தள்ளிவிட்டுப் போய்விடும். உள்ளே வேலை செய்யும் இளம் தேனீ தலையால் இடித்து அதை இறுக்கும், தேனும் சேர்க்கும். அங்கே அது மெல்லப் புளித்து, கெடாமல் இருக்கும். புழுக்கள் வளரும் அறைகளைச் சுற்றியே இந்தச் சேமிப்பு இருக்கும். எடுத்துக் கொடுப்பதற்கு அதுதான் வசதி.

தின்கிறவை தாதித் தேனீக்கள். பிறந்து சில நாட்களே ஆன இவை மகரந்தத்தை உண்டு, தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து பால் போன்ற உணவைச் சுரக்கின்றன. புழுக்களும் இராணியும் அந்தப் பாலில்தான் வாழ்கின்றன. ஐரோப்பியத் தேனீயில் ஒரு புழு வளர்ந்து முழுத் தேனீயாக 130 மில்லிகிராம் அளவு மகரந்தம் வேண்டும். இரு கூடையும் நிறைந்த ஒரு சுமை சுமார் 15 மில்லிகிராம்தான். ஒரு பெரிய கூடு ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ மகரந்தம் தின்றுவிடும்.

மாரி காலத்தில் நாள்கணக்காக மழை விடாமல் பெய்த பிறகு, சேர் பெட்டியைத் திறந்து காட்டினார். முன்பு முட்டைகள் இருந்த அறைகள் பல வெறுமையாக இருந்தன. மகரந்தம் வராத நாட்களில் தாதித் தேனீக்கள் முட்டைகளையும் மிக இளம் புழுக்களையும் தின்று, அந்தப் புரதத்தைக் கொண்டு மூத்த புழுக்களைக் காப்பாற்றும் என்றார். பின்வரிசையில் எப்போதும் கதைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அன்று வாய் திறக்கவில்லை.

எல்லா மகரந்தமும் ஒன்றல்ல. சில பூக்களில் புரதம் 10 வீதத்துக்கும் குறைவு, சிலவற்றில் அது 40 வீதத்தையும் தாண்டும். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் தேனீக்கு இன்றியமையாதவை 10 என்று டி குரூட் என்ற ஆய்வாளர் 1953 இல் காட்டினார். சோள மகரந்தத்தை மட்டும் நம்பிய கூடு மெலியும். இங்கிலாந்தில் வசந்தத்தில் வயலெல்லாம் மஞ்சளாக்கும் டான்டிலயன் பூவும் அப்படித்தான். தனியே அதைக் கொடுத்தால் புழு வளர்க்கத் தேவையான சத்து முழுதாகக் கிடைப்பதில்லை. பல பூக்கள் கலந்து வரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இங்கே இலண்டனுக்கு வெளியே வாடகைத் தோட்டத் துண்டில் நானும் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அயலவர்கள் தேன் எவ்வளவு எடுத்தேன் என்று கேட்பார்கள். நான் கவனிப்பது வாசலைத்தான். குதிரைக் கஷ்கொட்டை பூத்தால் செங்கல் நிற உருண்டை வரும், பொப்பி மலர்ந்தால் கரிய உருண்டை வரும். செப்டெம்பரில் ஐவிக் கொடி பூக்கத் தொடங்குகிறது. ஆண்டின் கடைசிப் பெரும் மகரந்தம் அதுதான். கோடையில் ஒரு வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ ஆறு வாரம் வாழும். இலையுதிர்காலத்தில் பிறப்பவை மகரந்தம் தின்று உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் குளிரைத் தாண்டி வசந்தம் வரை கூட்டைக் காக்கின்றன.

மகரந்தத்துக்கு ஈடாகச் சோயா மாவு போன்றவற்றைப் பிசைந்து வைப்பது தேனீ வளர்ப்பவர்களின் நெடுநாள் வழக்கம். அதில் புரதம் உண்டு, ஆனால் தேனீக்கு வேண்டிய ஸ்டெரோல்கள் போதிய அளவில் இல்லை. இந்தக் கொழுப்புப் பொருளைத் தேனீ தானாக உண்டாக்க முடியாது, மகரந்தத்திலிருந்துதான் பெறவேண்டும். ஒக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தலைமையேற்ற குழு, ஆறு ஸ்டெரோல்களை உண்டாக்கும்படி ஒரு நொதியத்தை (யீஸ்ட்) மாற்றியமைத்து உணவில் சேர்த்தது. அந்தக் கூடுகளில் கூட்டுப்புழு நிலையை எட்டியவை, சேர்க்காத கூடுகளைவிட 15 மடங்கு வரை கூடின. 2025 ஆகஸ்டில் இச்செய்தி வந்தபோது சேரிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாகின்றன. அந்தக் கட்டுரையை அவர் வரிவரியாக வாசித்து, அடுத்த நாளே கரும்பலகையில் படம் போட்டிருப்பார்.

சங்கம் புதிய கட்டடத்தைச் சுற்றி மரம் நட நிதி சேர்க்கிறது. முன்வைக்கப்பட்ட பட்டியலில் அழகுக்கு நிற்கும் மரங்களே அதிகம். தென்னை, முருங்கை, புளி, வேம்பு, புங்கு, நாவல் என்று கலந்து நடுங்கள். ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கவேண்டும். மைதானத்தின் ஓரத்தில் பூசணியும் சூரியகாந்தியும் போட இடமிருக்கிறது, உயிரியல் மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பூக்கும் நேரத்தில் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியும் அரை வகுப்புக்காவது போதுமான கைவில்லைகளும் வாங்குவதற்கான பணத்தை இலண்டன் கிளைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். மரக்கன்றுகளுக்கு மற்றவர்கள் உதவுங்கள்.