என் மகன் சத்தி எடுத்த நாளின் கட்டணம்

2018 ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு, ஒன்றே முக்கால் மணிக்கு, என் சின்ன மகன் கட்டிலிலேயே சத்தி எடுத்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது. விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருட்டில் படியிறங்கி, குசினியில் இருந்த வோஷிங் மெஷினுக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரோரம் மூன்று சின்னச் சாப்பாட்டுக் கதிரைகள். இன்னும் ஆறு மணித்தியாலம்கூட இல்லை, மூன்று பிள்ளைகள் வந்து அவற்றில் உட்கார்ந்துவிடும்.

நான் லண்டன் ஹரோவில் சைல்ட்மைண்டராக, அதாவது மற்றவர்களின் பிள்ளைகளைக் காசுக்கு என் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவளாக இருக்கிறேன். பள்ளிக்கூடங்களையும் பிள்ளைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான ஒஃப்ஸ்டெட்டில் 2014இல் பதிந்தேன். நேர்சரி என்றால் தனிக் கட்டடம், நாலைந்து வேலையாட்கள்; ஒருவருக்கு வருத்தம் என்றால் இன்னொருவர் நிற்பார். எனக்கு என் வீடுதான் வேலைத்தலம். பிள்ளைகள் தவழும் கம்பளத்தில்தான் மாலையில் என் மகன்மார் வீட்டுப்பாடம் செய்வார்கள். எனக்குப் பதிலாகத் தங்கச்சியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ நிறுத்தவும் முடியாது, பதிந்தவர்தான் பார்க்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது, அதில் பள்ளிக்கூடம் போகாத சின்னவர்கள் மூவர் என்பது விதி. அந்த ஆறில் சொந்தப் பிள்ளையையும் எண்ணுவார்கள். பகலில் மூன்று சின்னவர்கள், பள்ளிக்கூடம் விட்டபின் வரும் இரண்டு பேர், ஆறாவது ஆள் என் சின்ன மகன். எண்ணிக்கையில் அவனுக்கு இடம் இருந்தது. அவனுக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்தவை இரண்டே விஷயம். பிள்ளைக்கு வருத்தம், வரவில்லை என்றால் பெற்றோர் முழுக் கட்டணமும் தர வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தை நான் அவர்களுக்காகவே வைத்திருக்கிறேன். எனக்கு வருத்தம், வீட்டைப் பூட்டினேன் என்றால் கட்டணம் இல்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது இதைத்தான். நான் நல்ல சுகமாக இருக்கிறேன், வீட்டில் இன்னொருவர் மேல்மாடியில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்பது இந்த இரண்டிலும் சேராது.

சத்தியும் வயிற்றோட்டமும் என்றால் கடைசித் தடவைக்குப் பிறகு 48 மணித்தியாலம் பிள்ளை வரக்கூடாது என்பது இங்கே எல்லாப் பள்ளிக்கூடமும் நேர்சரியும் பின்பற்றும் முறை. பெற்றோரிடம் எத்தனையோ முறை நானே அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் மகன் எங்கே போவான்? அவன் வராமல் இருக்க வேண்டிய இடமே அவன் வீடுதானே.

அந்த இரவு நான் கணக்குப் பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லை. மணிக்கு ஆறரைப் பவுண், பத்து மணித்தியாலம், மூன்று பிள்ளைகள், அது 195. மாலையில் வருகிற இருவர் தலைக்கு 20. ஒரு நாள் பூட்டினால் 235 பவுண் போகும், 48 மணித்தியாலம் என்றால் 470. என் கணவரின் சம்பளம் வீட்டுக் கடனுக்குச் சரி, மற்றதெல்லாம் என் காசில். சொந்தத் தொழில் செய்கிறவளுக்கு யாரும் லீவுக் காசு தருவதில்லை. மூன்று மணிக்கு மகன் இரண்டாவது தடவை எடுத்தான். நாலு மணிக்குத் தூங்கிவிட்டான். அதைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: முடிந்துவிட்டது, மேலேயே வைத்திருக்கலாம், இவர் ஒரு நாள் லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கதவுப்பிடி, படிக் கைப்பிடி, தண்ணிக் குழாய் எல்லாம் ப்ளீச் போட்டுத் துடைத்தேன். இப்படிச் சத்தியைக் கொண்டுவரும் நோரோவைரஸுக்குக் கையில் பூசும் ஜெல் சரிவராது, சவர்க்காரமும் தண்ணியும்தான் வேண்டும் என்று தெரிந்திருந்ததால் புதுச் சவர்க்காரம் பிரித்து வைத்தேன். தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. விடிய ஐந்தரைக்கே பெற்றோருக்கு மெசேஜ் போட்டிருக்க வேண்டும். ஏழரைக்கு, அவர்கள் பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் வைத்துச் சொன்னேன்.

மூன்று வயதுப் பையனின் தாய் பள்ளிக்கூட ஆசிரியை. கழற்றிய சப்பாத்தைத் திரும்ப மாட்டி, ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு போனார். பதினொரு மாதக் குழந்தையின் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். தோளைக் குலுக்கிவிட்டு விட்டுப்போனார். மூன்றாவது ஆள் எங்கட ஊர்ப் பெண், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, மகளுக்கு இரண்டு வயது.

"அக்கா, தம்பி மேலதானே இருக்கிறான்?"

"ஓம், கீழ இறங்க விடமாட்டன்."

"அப்ப விட்டிட்டுப் போறன். இந்த நேரத்தில சொன்னா எனக்குப் பதிலா ஆள் பிடிக்கேலாது."

அவள் சொன்னதில் என்மேல் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் 'இந்த நேரத்தில' என்ற சொல் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

மகன் ஒரே ஒரு தடவை கீழே இறங்கினான். தண்ணி கேட்டு வந்தவன் படியடியில் சின்னப் பிள்ளைகளுக்காகப் பூட்டியிருக்கும் கேற்றின் மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார். நான் துணியோடு வருவதற்குள் அந்த இரண்டு வயதுப் பிள்ளை போய், அவன் நின்ற இடத்தில் நின்று, அதே கம்பியைப் பிடித்து, மேலே பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்கு அவன்மேல் அவ்வளவு பிடிப்பு. அங்கேயிருந்துதான் தொற்றியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. செவ்வாய் இரவு அவளுக்குத் தொடங்கியது. புதன் மத்தியானம் தாய்க்கு.

முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கும் அதே 48 மணித்தியால விதிதான். அவளுக்கு மூன்று ஷிஃப்ட் போயிற்று. அரசாங்கம் வைத்த வருத்த லீவுக் காசு அப்போது நாலாவது நாளிலிருந்துதான் கணக்கு. முதல் மூன்று நாளுக்கு ஒன்றுமில்லை. பிள்ளையைப் பார்க்கும் ஏற்பாடு திடீரெனக் குலைந்தால் வேலையில் நேரம் எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவள் அந்த வாரத்துக்கான முழுக் காசையும் போட்டிருந்தாள். 325 பவுண். ஒப்பந்தப்படி சரி. பிள்ளைக்கு வருத்தம், பிள்ளை வரவில்லை, நான் திறந்திருந்தேன். ஆசிரியையும் கேட்டிருந்தார், திங்கட்கிழமைக்குக் காசு உண்டா என்று. நானும் "உண்டு, திறந்துதான் இருந்தேன்" என்று பதில் போட்டிருந்தேன். எழுத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் என் வீட்டு வருத்தத்தை வாங்கிக்கொண்டு போய், அதனால் மூன்று நாள் சம்பளத்தை இழந்து, அந்த நாட்களுக்கும் எனக்குக் காசு கட்டியிருக்கிறாள் ஒருத்தி. திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது. செவ்வாய்க்குப் பிறகான மூன்று நாள் காசையும் அன்றே திருப்பிப் போட்டேன். ஆசிரியைக்குத் திங்கள் காசை அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்தேன். அவர் நன்றி சொன்னார், ஆனால் அந்தக் கோடையில் பையனை வேறிடத்துக்கு மாற்றினார். அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் இந்தச் சிக்கல் எங்களுக்கு இருந்ததில்லை. அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அதைக் கண்டால் சொந்தக்காரரும் படலையடியில் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் முதலில் சொல்லிவிட வேண்டும், வருகிறவர் படலையைத் திறப்பதற்கு முன்னே அது கண்ணில் பட வேண்டும் என்பது அதில் இருந்தது. நான் செய்யத் தவறியதும் அதைத்தான்.

பெப்ரவரியில் ஒப்பந்தத்தைத் திருத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், எழுதிக் கிழித்து எழுதினேன். எங்கள் தொழிலுக்கான சட்டப்படியான விதிநூலில், வருத்தமான, தொற்றுள்ள பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும், அதைப் பெற்றோரோடு பேசியிருக்க வேண்டும், தொற்றுப் பரவாமல் தடுக்க வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. காசைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

என் வீட்டில் யாருக்காவது சத்தியோ வயிற்றோட்டமோ என்றால் கடைசித் தடவைக்குப் பிறகு 48 மணித்தியாலம் பூட்டுவேன், கட்டணம் இல்லை. விடிய ஆறு மணிக்கு முன் மெசேஜ் வரும். அதற்குப் பிந்தித்தான் சொன்னேன் என்றால், நான் திறந்தே இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவராத பெற்றோரிடம் காசு கேட்கமாட்டேன். தடிமன், இருமல், கைகால் வாய்க் கொப்புளம் போன்று அரசாங்கத்தின் சுகாதார வழிகாட்டியே பிள்ளையை ஒதுக்கச் சொல்லாத வருத்தம் வீட்டில் இருந்தால் திறந்திருப்பேன், எல்லாருக்கும் சொல்லுவேன். பயந்து கொண்டுவராதவர்கள் பாதிக் கட்டணம். என் வீட்டிலிருந்து தொற்றியது என்று நம்பக் காரணம் இருந்தால், அந்தப் பிள்ளை வராத நாட்களுக்கும் பாதி.

சவுத் ஹரோவில் இருக்கிற என் சிநேகிதி, அவளும் சைல்ட்மைண்டர்தான், இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாள். "நீ இப்படி எழுதினால் எங்களிட்டையும் கேட்பினம். வீட்டில சின்னப் பிள்ளை இருந்தால் குளிர்காலத்தில மாதம் ஒரு தொற்று. எங்களுக்கு ஆர் தாறது?" அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. சைல்ட்மைண்டர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போவதற்கு இந்தக் காசுக் கணக்கும் ஒரு காரணம். நான் அதற்குக் கண்ட வழி, மணிக்கு 20 பென்ஸ் கூட்டியது. பெற்றோருக்கும் சொல்லியே கூட்டினேன்: பூட்டுகிற நாட்களுக்காக இதை ஒதுக்கி வைக்கப்போகிறேன் என்று. ஒருவரும் மறுக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்த சின்னச் செலவை மக்கள் தாங்கிக்கொள்வார்கள், வாசலில் வைத்துத் திடீரென்று சொல்வதைத்தான் தாங்கமாட்டார்கள் என்று கண்டுகொண்டேன். சிநேகிதியும் நானும் ஒருவருக்கொருவர் ஆபத்துக்கு உதவுவது என்று பெற்றோரின் சம்மதத்தோடு எழுதி வைத்தோம். அவளிடம் இடம் இருந்தால் மட்டும்தான், மூன்று சின்னவர்கள் என்ற எல்லையைத் தாண்ட முடியாது.

2022இல் எல்லாம் வேறு மாதிரி வந்தது. எங்களோடு இருக்கும் மாமிக்குப் புற்றுநோய், கீமோ தொடங்கியது. மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணுக்கள் இறங்கிவிடும், அந்த நாட்களில் சின்னத் தொற்றும் ஆபத்து. கொப்புளிப்பான் (ஊரில் நாங்கள் அம்மாள் வருத்தம் என்கிற சிக்கன்பொக்ஸ்), அக்கி உள்ளவர்களிடமிருந்து கவனமாக இருங்கள், கிட்டப் போயிருந்தால் உடனே சொல்லுங்கள் என்று தாதி சொல்லியிருந்தார். ஊரில் அம்மாள் வருத்தம் வந்ததோ என்று மாமிக்கு நினைவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எதிர்ப்புச்சக்தி இல்லை என்று வந்தது. இங்கே பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் தடுப்பூசி அப்போது வழமையான அட்டவணையில் கிடையாது. ஆகவே அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

மே மாதம், என்னிடம் வாரம் மூன்று நாள் வருகிற ஒரு பிள்ளையின் அண்ணனுக்குக் கொப்புளிப்பான். அவன் என்னிடம் வருவதில்லை. இவள் நல்ல சுகம், ஓடி விளையாடுகிறாள். வழிகாட்டிப்படி அவளை நிறுத்தக் காரணமில்லை. ஆனால் உடம்பில் இருந்தால் வெளியே வர மூன்று வாரம் வரை ஆகலாம், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரண்டு நாளுக்கு முன்பே தொற்றும். மேலே மாமி தலையில் துணி கட்டிக்கொண்டு, கீழே கேட்கும் பிள்ளைகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறா. "மூண்டு குரல்தான் கேட்குது, மற்றது எங்கை?" என்று கேட்பா.

மூன்று வாரம் அவளை அனுப்ப வேண்டாம் என்று தாயிடம் சொன்னேன். பிள்ளையில் குறையில்லை, பெற்றோருக்கு அனுப்ப விருப்பம், விதி தடுக்கவில்லை, தடுத்தது என் வீடு. அப்படியென்றால் காசு எனக்குரியதில்லை. ஒன்பது நாள், அறுநூறு பவுணுக்கு மேல். அந்த 20 பென்ஸ் உண்டியலில் அவ்வளவு இருக்கவில்லை. சிநேகிதி அவளை எடுத்துக்கொண்டாள், காசும் அவளுக்குப் போயிற்று. பதினாறாம் நாள் பிள்ளைக்கும் கொப்புளம் போட்டது. தாய் படம் எடுத்து அனுப்பினார், வயிற்றில் மூன்று சின்னச் சிவப்புப் பொட்டு. அதை மாமிக்குக் காட்டாமல் குசினியில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி இப்போது சுகம். 2026 ஜனவரியில் இருந்து பிள்ளைகளின் வழமையான தடுப்பூசிகளில் கொப்புளிப்பானும் சேர்ந்திருக்கிறது.

போன மாதம் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அப்பா அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். பாதிக் கட்டணம் என்ற வரியில் விரலை வைத்து, "உங்கள் வீட்டு இருமலுக்கு நான் ஏன் பாதி தர வேண்டும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் அன்றைக்கும் வேலை செய்துகொண்டிருப்பேன், உங்கள் பிள்ளையின் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்திருக்கமாட்டேன் என்றேன். "ஆனால் பயப்படும்படி செய்தது உங்கள் வீடு அல்லவா?" என்றார். எனக்கு அதற்கு முழுப் பதில் கிடைக்கவில்லை, அதையும் அவரிடம் சொன்னேன். அந்த வரியைப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே கையெழுத்து வைத்தார். அந்தப் பிரதியை அப்படியே கோப்பில் வைத்திருக்கிறேன்.