எந்தத் தெரு?
மன்னார்குடி - தஞ்சாவூர் சாலையில் வாகனச் சோதனை. பைக் என்னுடையது, ஓட்டியதும் நான். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரி. அப்புறம், பின்னால் இருந்த நண்பனிடம் மட்டும் போலீஸ்காரர் கேட்டார்: "ஊர்ல எந்தத் தெரு?" சொன்னான். அதுவரை 'நீங்க', அதன்பின் 'நீ'. சட்டைப்பையைக் கவிழ்க்கச் சொன்னார். ஒரு பஸ் டிக்கெட்டும் முப்பது ரூபாயும் விழுந்தன. என்னைத் தொடக்கூட இல்லை.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் வெள்ளையினப் போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை அழுத்தியதை செல்போனில் பார்த்து எங்கள் டீக்கடையே கொதித்தது. நிறவெறி என்றார்கள், சரிதான். அதே பெஞ்சில் நண்பனுக்கு நடந்த இந்தச் சோதனையைச் சொன்னேன்.

"அது வழக்கமா பண்றதுதானே தம்பி" என்றார் ஒரு பெரியவர்.

பிறப்பை வைத்தே குற்றவாளியாக்கிய 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-இல் போய்விட்டதாம். நண்பன் இப்போது நீடாமங்கலம் சுற்றித்தான் தஞ்சாவூர் போகிறான்.