நிறுவைத் தராசும் வால்டர் வைட்டும்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோதுதான் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தேன். அந்திக் கொழுந்தை நிறுத்து, செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டை முடித்து, குவாட்டர்ஸுக்கு வர ஏழு மணியாகிவிடும். தொழிற்சாலையில் வேலை செய்த நண்பர் பென் டிரைவில் 62 பாகங்களையும் கொண்டு வந்திருந்தார்.

வால்டர் வைட் ஓர் இரசாயனவியல் ஆசிரியர். வயது ஐம்பது, நுரையீரல் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் சேர்க்க ஐஸ் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். முதல் பாகத்தில், பகுதிநேர வேலைக்குப் போன இடத்தில் தன் மாணவனின் காரையே துடைக்க வேண்டி வருகிறது. அதைப் பார்த்தபோதே நாங்கள் அவர் பக்கம் போய்விட்டோம். படித்த மனுஷன் அவமானப்படுவதைப் பார்க்க மலையகத்தில் யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் ஐந்தாம் பாகத்திலேயே வசதியான பழைய நண்பர்கள் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார்கள். அவர் மறுக்கிறார். அதற்குப் பிறகும் குடும்பத்துக்காக என்று சொல்வது சாக்குத்தான். எங்களுக்கு அது உறைக்கவில்லை. ஓர் இளம்பெண் மூச்சுத்திணறிச் சாவதை அவர் பார்த்துக்கொண்டு நின்ற பிறகும், மாட்டிக்கொள்வாரோ என்றுதான் பதறினோம்.

ஏன் என்பதற்கு என் வேலையிலேயே பதில் இருந்தது.

நிறுவைக்கு இரண்டு கிலோ கழிக்கும் பழக்கம் அங்கே இருந்தது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்றார்கள். முதல் வாரம் கை கூசியது. மலையில் நான் எழுதும் நிறையும் தொழிற்சாலை நிறையும் ஒத்துப்போகாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள். அதனால் கழித்தேன். கணக்கு ஒத்துப்போனது, பாராட்டும் கிடைத்தது. அப்புறம் வெயில் நாளிலும் கழித்தேன். நான் கெட்டிக்காரன் என்று முதன்முதலாகப் பெயர் வாங்கியது அதில்தான். வால்டரும் தொழில் சுத்தத்தில் எவரையும் மிஞ்சுவார். அந்தத் திறமையை ரசிக்கும்போது அது யார் தலையில் விடிகிறது என்பது கண்ணில் படுவதில்லை.

ஒருநாள் நல்ல வெயில். ஓர் அக்கா தராசடியில் நின்று, "ஐயா, இன்னைக்கு ஏது ஈரம்? எதுக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டார். அன்று மூன்று நிறுவையிலும் அவர் போட்டது 22 கிலோ. ஆறைக் கழித்து 16 எழுதினேன். எங்கள் தோட்டத்தில் அப்போது நோம், அதாவது முழுநாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. அவரை வாய்க்காரி என்று ஆபீஸில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்றிரவு வால்டரின் மனைவி ஸ்கைலர் திரையில் வந்தார். கணவனிடம் பணம் ஏது என்று கேட்பவர் அவர்தான். "ஆரம்பிச்சிட்டா" என்றார் நண்பர். இருவரும் சிரித்தோம். ஸ்கைலரை அமெரிக்காவிலும் இப்படித்தான் வெறுத்திருக்கிறார்கள். அந்த வெறுப்பு தன் மீதே திரும்பியதைப் பற்றி நடிகை ஆன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். கொலைகாரனை மன்னித்தவர்களால் கேள்வி கேட்டவளை மன்னிக்க முடியவில்லை.

கடைசிப் பாகத்தில் வால்டர் மனைவியிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: எல்லாம் தனக்காகத்தான் செய்தாராம், பிடித்துத்தான் செய்தாராம். நண்பர் கைதட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுந்துபோய் செக்ரோலை எடுத்து, அந்த அக்காவின் பெயரைத் தேடினேன். அந்த மாதத்தில் மட்டும் அவருக்கு ஏழு அரைப்பேர். ஏழும் என் கையெழுத்து.