முதல் பவளம் வாங்கும் முன் உப்புநீர் டேங்க்கில் நிலைக்க வேண்டியவை

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய அன்றே பலர் பவளம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சைக்கிள் முடிந்தது என்றால், கழிவைக் கையாளும் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று மட்டுமே பொருள். பவளம் கேட்பது வேறு. உப்பளவு, வெப்பம், காரத்தன்மை மூன்றும் நாள்தோறும் ஆடாமல் நிற்க வேண்டும். கீழே வரும் அளவுகள் 100 லிட்டர் தண்ணீருக்கு, சென்னை போன்ற வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊரை மனதில் வைத்தவை.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம், பாதிப் பிரச்சினை அங்கேதான். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தை நம்ப வேண்டாம். குடிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். வடிகட்டிய நீரில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலப்பதுதான் அதன் வேலை. சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. இந்த இரண்டு வழியிலும் போகாமல் நீரை எடுத்தாலும், 1000 டிடிஎஸ் போர் தண்ணீர் மெம்பரேனைக் கடந்தபின் 50 முதல் 100 வரை நிற்கும். அதன் பின்னால் டிஐ ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிகேட். கண்ணாடியில் பழுப்புப் பொடி படிவது அதில்தான் தொடங்குகிறது. டிடிஎஸ் மீட்டர் 1 காட்டினாலே ரெசினை மாற்றிவிடுங்கள்.

உப்பு 100 லிட்டருக்குச் சுமார் 3.7 கிலோ. தண்ணீரை முதலில் நிரப்பி, பம்ப் ஓடும்போது உப்பைச் சிறிது சிறிதாகக் கொட்டுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும், பிறகு கரையாது. இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), ஒப்படர்த்தியில் 1.026. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தில் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி, கடல் நீரில் இரண்டு பிபிடி தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

டேங்க்குக்குள் அடுக்கும் கல் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் 2001 முதல் முதலாம் அட்டவணையில் உள்ளன. கரையில் பொறுக்கிய செத்த பவளக் கல்லும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்குச் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து ஒரு துண்டுகூட நம் டேங்க்குக்கு வரக் கூடாது. செராமிக் கல்லோ சிமென்ட்டில் செய்த கல்லோ போதும். சிமென்ட் கல்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்; புதுத் தண்ணீரில் ஒரு வாரம் கிடந்தபின்னும் பிஹெச் 8.5-ஐத் தாண்டாவிட்டால் கல் தயார். அடிமணலுக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலை வாங்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம்.

சைக்கிளுக்கு அழுகிய இறால் தேவையில்லை. அம்மோனியம் குளோரைடு 0.6 கிராம் போட்டால் 100 லிட்டரில் ஏறத்தாழ 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அம்மோனியா கிடைக்கும். பாட்டில் பாக்டீரியாவையும் சேர்த்துவிட்டு விளக்கை அணைத்து வையுங்கள். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போக வேண்டும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் டெஸ்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். நைட்ரைட் இருக்கும்வரை அந்த டெஸ்ட் பொய்யாக உயர்ந்தே காட்டும்.

அடுத்தது வெப்பம். 26 டிகிரிக்கு வைத்து, ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல் பார்க்க வேண்டும். சூடு நீடித்தால் பவளம் தன் திசுவில் வாழும் கூட்டுயிர்ப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். நீர்ப்பரப்பின் மேல் வீசும் மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிய நாளில் அதுவும் எடுபடாது. மே மாதம் அறை 34 டிகிரி இருக்கும் வீட்டில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் பவளம் வேண்டாம் என்றே சொல்வேன். சில்லரை மூடிய கேபினெட்டுக்குள் வைத்தால், அது கக்கும் சூட்டையே திரும்ப இழுத்து ஓயாமல் ஓடும், வெளியே வையுங்கள்.

மின்விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நாளுக்கு 2 லிட்டர் குறைந்தால் 35 என்பது 35.7 ஆகிறது, மூன்று நாள் மறந்தால் 37-ஐத் தாண்டும். ஈடுசெய்ய டிஐ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. ஆட்டோ டாப்-அப் வைத்தால் அதன் வாளி சிறியதாக இருக்கட்டும். மிதவை சிக்கிக்கொண்டு 5 லிட்டரும் கொட்டினால் உப்பு 33.3-இல் நிற்கும், பவளம் பிழைக்கும். 20 லிட்டர் கேன் கவிழ்ந்தால் 29.

சைக்கிள் முடிந்து விளக்கு போட்டதும் டேங்க் அசிங்கமாகும். முதலில் டயட்டம் என்ற பழுப்புப் பாசி, பிறகு சயனோபாக்டீரியாவின் சிவந்த படலம், அதன்பின் பச்சை முடிப்பாசி. இது வரத்தான் செய்யும். நத்தைகளை விட்டு, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றி, கையால் பிடுங்கிப் பொறுத்திருங்கள். பதறிப்போய் பாஸ்பேட் நீக்கியைக் கொட்டி எல்லாவற்றையும் பூஜ்யமாக்குவதுதான் பெரிய தப்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போன புது டேங்க்கில், போட்டியில்லாத இடத்தை டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும். குமிழி கோத்த பழுப்புச் சளி நூல் தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். அதை ஒழிப்பது முடிப்பாசியைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். பவளத்துக்கும் அது உணவு.

கல்லில் ஊதாப் புள்ளிகளாகக் கோரலைன் பாசி தெரிய ஆரம்பித்ததும் உண்மையான பரீட்சை. இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதுங்கள். 8க்கும் 9க்கும் இடையில் எந்த டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) ஆனாலும் சரி, அரை அலகுக்குள் நின்றால் போதும். இறங்கினால் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா 1 டிகேஹெச் உயர்த்தும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இவை மெதுவாகத்தான் நகரும், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பலர் கவனிக்காத ஒன்று: சில உப்புகளைக் கலந்தாலே 11 டிகேஹெச் வரும். 8-இல் இருக்கும் டேங்க்கில் பாதித் தண்ணீரை மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 1.5 எகிறும். புது உப்பு நீரையும் அளந்துவிட்டே ஊற்றுங்கள்.

முதல் பவளமாக மென்பவளமே பொருத்தம்: மஷ்ரூம், சோவாந்தஸ். பச்சை நட்சத்திரப் பாலிப் படர்ந்து எல்லாவற்றையும் மூடும். அதைத் தனிக் கல்லில் தள்ளி வையுங்கள். நீரோட்டம் மணிக்கு 2000 லிட்டர் அளவில், நேராகப் பவளத்தின் மேல் அடிக்காமல் இருக்கட்டும். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, கோரல் டிப்பில் (பூச்சி நீக்கும் கரைசல்) நனைத்து, பவளம் ஒட்டி வந்த பிளக் என்ற சிறு அடிக்கட்டையைக் கழற்றி எறியுங்கள். எய்ப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோனும் பூச்சி முட்டைகளும் அதில்தான் வரும். பையிலிருந்த தண்ணீர் டேங்க்குக்குள் போகக் கூடாது. விளக்கு 30 சதவீதத்தில், 6 மணி நேரத்தில் தொடங்கி, வாரம் 5 சதவீதமாக ஏற்றுங்கள். இந்தப் பவளங்களுக்கு 50 முதல் 100 பார் (PAR, பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) தாராளம்.

சோவாந்தஸ் வகையிலும், குறிப்பாக அதன் உறவான பாலித்தோவாவிலும், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெட்டும்போதும் சுரண்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது வளர்ந்த கல்லைச் சுத்தம்செய்ய ஒருபோதும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியை முகர்ந்து குடும்பமே மருத்துவமனை போன சம்பவங்கள் உண்டு.