மணியாச்சியில் பாதியில் நின்ற கொலை

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும்போது பையில் ஒரு பழைய பாக்கெட் நாவல் கிடந்தது. எழும்பூர் நடைபாதையில் பத்து ரூபாய்க்கு வாங்கியது. முன்னட்டை இல்லை. கடைசி சில தாள்களும் இல்லை என்பது கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல்கிறார், “கொலை செய்தது...” என்று விரலை நீட்டுகிறார், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் வண்டி வாஞ்சி மணியாச்சியில் நிற்கிறது.

இந்த ஸ்டேஷனில்தான் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை, முதல் வகுப்புப் பெட்டிக்குள் மனைவியுடன் உட்கார்ந்திருந்தவரை, செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். அப்புறம் பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஏன் சுட்டேன் என்பதை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். துப்பறிய வந்தவர்களுக்குச் சுட்டவர் யார் என்ற வேலையே இல்லை. பின்னால் யார் யார் என்பதுதான் வழக்கு. அதில் பதினான்கு பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

திருநெல்வேலியில் இறங்கிக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தேன். 1843-இல் திறந்த பாலம். சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய மனிதரின் பெயர் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. இந்தச் சீமைக்குப் பெயர்களை மறக்காத குணம் உண்டு. எழுதுகிறவர்களையும்தான். மறுநாள் பஸ் பிடித்து இடைசெவல் போனேன். கரிசல் காடும் வேலிக்கருவையுமாக ஒரு சின்ன ஊர். அங்கிருந்து சாகித்ய அகாதெமி வாங்கியவர்கள் இரண்டு பேர்: கு. அழகிரிசாமி 1970, கி. ராஜநாராயணன் 1991. 2021-இல் கி.ரா. இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் எழுப்பியாயிற்று. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947-லேயே வந்துவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால் பாக்கெட் நாவல் எழுதி ரயிலில் நம் தூக்கத்தைக் கெடுத்தவர்களின் பெயர் நான் சுற்றிய எந்தத் தெருமுனையிலும் கண்ணில் படவில்லை.

இப்படி நினைக்கவும் ஒரு காரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேலை பார்க்கும் தங்கை போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்த ஊர் நகர்மன்றக் கட்டடத்தின் முன்முற்றத்தில், மரியாதையாகக் கல்லில் பதித்த பொன்னிறக் கைத்தடங்கள். ஒரு ஜோடி இயான் ரான்கினுடையது. 1987-லிருந்து ரீபஸ் என்ற போலீஸ்காரரை அந்த நகரத்துச் சந்துகளில் அலையவிட்டுக் கொலைக்கதை எழுதுகிறவர். ஹாரி பாட்டர் எழுதியவரின் கைகளும் அதே முற்றத்தில்தான். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரின் விரல்களை நினைத்துக்கொண்டேன். அதற்கு எவ்வளவு பெரிய கல் வேண்டும்!

கிளம்பும் நாள் மாலை டவுனில் ஒரு சந்துக்குள் பழைய புத்தகக் கடை. ஒரு காலத்தில் வாடகை நூலகமாக இருந்ததாம். கட்டுக் கட்டாக பாக்கெட் நாவல்கள், சணல் போட்டு இறுக்கியவை. எடின்பரோ சங்கதியை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“கொலைக்கதை எழுதுனவருக்கா? கவர்மெண்டா?” என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. “அந்தக் காலத்துல பொம்பளையாளுவ வரிசையில நின்னு எடுத்துட்டுப் போவாவ, தம்பி. தமிழ் வாசிக்கவே இதுல பழகுனவங்க இருக்காவ.”

என் நாவலை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார். “இதுவா? மூத்த மருமகன்தான் கொன்னான். சாவிக்கொத்துல மாட்டுவான்.”

“எழுதினது யாரு அண்ணாச்சி?”

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அட்டை இருந்தால்லா தெரியும்?”