கரிக்கோச்சி ஏறவென்று ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு

வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற குடும்பங்கள் ஊட்டியையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே குன்னூருக்கு மலை ரயிலில் போய்வந்துவிட்டு, கரிக்கோச்சியில், அதாவது நீராவி ரயிலில், ஏறியாயிற்று என்று திரும்புகிறவர்கள் பலர். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் வண்டியை இழுப்பது டீசல் இயந்திரம். நீராவி இயந்திரம் ஓடுவது மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். காசும் நேரமும் செலவழித்து அவ்வளவு தூரம் போகிறவர்கள், தயவுசெய்து மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள்.

வண்டி காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் வெளிக்கிடும். 46 கிலோமீற்றர்தான் தூரம், ஆனால் ஊட்டி போய்ச்சேர நண்பகல் ஆகிவிடும். பிற்பகல் 2 மணிக்கு அதே வண்டி இறங்கத் தொடங்கி 5.35 அளவில் மேட்டுப்பாளையம் வரும். ஒரே நாளில் ஏறி இறங்கலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு வசதியான வழி, சென்னை சென்ட்ரலில் இரவு புறப்படும் நீலகிரி விரைவுவண்டி. விடியவே அது மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய் விடும். நேர அட்டவணையைப் போகும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ரிக்கற்தான் பெரிய சிக்கல். சின்னப் பெட்டிகள், அதிலும் நாலைந்துதான். 60 நாட்களுக்கு முன் ஒன்லைனில் பதிவு திறக்கும். ஏப்ரல், மே மாதங்களுக்குத் திறந்த கையோடு முடிந்துவிடும். இந்திய ரயில்வேயின் ரிக்கற் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் இலங்கை அலைபேசி இலக்கத்தாலும் கணக்குத் திறக்கலாம், சிறு பதிவுக் கட்டணம் உண்டு. அதை முன்கூட்டியே செய்து வையுங்கள். பதிவு திறக்கிற அன்று காலையில் கணக்குத் தொடங்கப் போனால் அன்றைய இருக்கைகள் போய்விடும். தேடும்போது ஊட்டி என்று போடாமல் உதகமண்டலம் என்று போடுங்கள், அதுதான் நிலையத்தின் பெயர்.

எந்தப் பெட்டியில் இருப்பது? ஏறும்போது இயந்திரம் பின்னால் நின்று தள்ளும். பெட்டி கழன்றாலும் கீழே உருண்டுபோகாமல் இயந்திரம் தாங்கிக்கொள்ளவே இந்த ஏற்பாடு. ஆகவே காட்சி வேண்டுமானால் முன்பெட்டி, இயந்திரத்தின் மூச்சைக் கேட்கவேண்டுமானால் கடைசிப்பெட்டி. ஒருமுறைதான் போவீர்கள் என்றால் கடைசிப்பெட்டியே மேல். மலையை பஸ்ஸிலிருந்தும் பார்க்கலாம், இந்தச் சத்தம் வேறெங்கும் கிடைக்காது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாக்குத்தோட்டங்களுக்கு நடுவே சாதாரண ஓட்டம். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்சட்டம் தொடங்கும். பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். எந்தக் கணத்திலும் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் ஏதாவது ஒரு பல் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். சட்டம் தொடங்கும் முனையில் மட்டும் ஒரு துண்டு சுருள்வில்லின் மேல் இருக்கும். சக்கரப்பல் பள்ளத்தில் விழாமல் சட்டப்பல்லின் தலையில் ஏறிவிட்டால், அந்தத் துண்டு அமிழ்ந்து இடம் கொடுக்கும். ஓட்டுநர் அங்கே வண்டியை ஊரவிடுவது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் காதைக் கூர்மையாக்குங்கள். இயந்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு சிலிண்டர்கள். கல்லாறு வரை கீழ்ச்சிலிண்டர் மட்டும் வேலைசெய்யும். நீராவி அதிலிருந்து நேரே புகைபோக்கிக்குப் போவதால் 'சக்... சக்...' என்று கனமான அடி கேட்கும். பற்சட்டத்தில் ஏறியதும் அந்த நீராவியை வெளியே விடாமல் மேல்ச்சிலிண்டருக்குத் திருப்புவார்கள், அதுதான் பற்சக்கரத்தைச் சுழற்றும். இரண்டாம் முறை விரிந்த நீராவிக்கு வேகம் தணிந்திருக்கும். அடி மெலிந்து, ஆனால் அடுத்தடுத்து வரும். இதைச் சுவிற்சலாந்தின் வின்ரர்தூர் தொழிற்சாலை வடிவமைத்தது. அந்த வடிவத்தையே பின்பற்றித் திருச்சி பொன்மலைப் பட்டறை புதியவற்றைக் கட்டியிருக்கிறது.

ஏற்றம் 12.28க்கு 1, அதாவது 12.28 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும். ஆஸ்பத்திரி வாசலில் சக்கரநாற்காலிக்குக் கட்டும் சாய்தளம் ஏறக்குறைய 12க்கு 1, அதே அளவு. அந்தச் சரிவில் ஒரு ரயில் மணிக்கு 13 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறது. நமது மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றமே 44க்கு 1தான், அதனால் அங்கே பற்சட்டம் தேவைப்படவில்லை. ஓமந்தை, மாங்குளம் என்று மட்டமான நிலத்தில் அகலப்பாதையில் ஓடும் வண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு மீற்றர் அகலத் தண்டவாளம் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும்.

பெயர்தான் கரிக்கோச்சி, இப்போது ஓடுபவை பெரும்பாலும் எண்ணெயில் எரிபவை. எண்ணெயை நீராவியால் தூவானமாக்கி அடுப்புக்குள் பீய்ச்சுவார்கள். எண்ணெய் கூடிக் காற்றுக் குறைந்தால் கருப்புப் புகை வரும். படத்துக்கு அழகு, இயந்திரத்துக்கு நட்டம். குழாய்களில் கரி படிந்து நீராவி குறையும். நீராவி குறைந்தால் ஏற்றத்தில் நிறுத்தி, அழுத்தம் சேரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். வழியில் நின்றால் பயப்படவேண்டாம், பல் கவ்வியே இருக்கும், பெட்டிக்கொரு பிரேக்காரரும் இருக்கிறார்.

வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் நிரப்ப நிற்கும்போது இறங்கலாம். தேநீர், வடை கிடைக்கும். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், பிள்ளைகளிடம் சாப்பாட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கீழே வியர்த்தாலும் மேலே 2200 மீற்றர் உயரம், வன்னி வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுவெற்றர் கட்டாயம்.

போகக்கூடாத காலம் ஒன்றுண்டு. நமது குளங்களை நிரப்பும் அதே ஐப்பசி, கார்த்திகை மாரிதான் கல்லாறு - குன்னூர் சரிவிலும் கொட்டும். மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் சரிந்து, நாட்கணக்கில் சேவை நிற்பது வழமை. ரயில்வேயே ரத்துச் செய்தால் ரிக்கற் காசு முழுதும் திரும்பும், விமானக்காசு திரும்பாது. டிசம்பர் விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதைத் தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள்.