கிணறு அரை மணி நேரம்தான் தாங்கும்

தஞ்சாவூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. போன வாரம் ஒரு நகராட்சியில் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மின்சாரம் பல நாள் நின்றுபோனால் குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் எப்படி ஓட்டுவது என்று திட்டம் போடுகிறார்களாம். அதற்கு விலைப்புள்ளி வேண்டும்.

முறுக்கும் தேநீரும் வந்தன, பிறகு எதற்கெல்லாம் முதலில் ஜெனரேட்டர் வேண்டும் என்ற பட்டியல் வந்தது. முதலில் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்றும் மோட்டார்கள். அடுத்து அலுவலகம், கூட்ட அரங்கின் ஏசி உட்பட. கழிவுநீரேற்று நிலையங்கள் ஒன்பதாவது வரியில் இருந்தன.

“மேடம், ஒன்பதாவதை மேலே கொண்டுவாருங்கள்” என்றேன்.

பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “புயல் அடித்த மறுநாள் சனங்கள் குடத்தோடு வருவார்களா, சாக்கடை ஓடவில்லை என்று வருவார்களா?”

நியாயமான கேள்விதான். குடத்தோடுதான் வருவார்கள். ஆனால் தொட்டி நிறைந்திருந்தால் மின்சாரம் இல்லாமலேயே ஒரு வேளைத் தண்ணீர் தானாக இறங்கிவிடும். கழிவுநீரேற்று நிலையத்தில், மோட்டார் இறைப்பதற்கு முன் சாக்கடை வந்து சேரும் கிணற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் தேங்கினால் உள்ளே அழுகி ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும் என்பதால், அதற்கு மேல் தேங்காத அளவுக்குத்தான் அதைக் கட்டுகிறார்கள். மோட்டார் நின்றால் கிணறு நிறையும், அதன்பின் குழாய்கள் நிறையும், அதன்பின் தெரு.

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்டக் கணக்கு. அதில் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், சாக்கடைக்கே திரும்பும். தொட்டிக்கு மட்டும் ஜெனரேட்டர் வைத்து, சாக்கடை மோட்டாரை விட்டுவிட்டால், காலையில் நாம் கொடுத்த தண்ணீர்தான் பத்து மணிக்குப் பள்ளத்துத் தெருவில் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் வெறுமையாகக் கிடந்தால், விரிசல் வழியே அதற்குள்ளும் புகும்.

“எங்களுக்கு இரண்டு துணைமின் நிலையங்களிலிருந்து இணைப்பு இருக்கிறது” என்றார் பக்கத்தில் இருந்த இளைஞர். ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்ற நினைப்பு. ஆனால் எல்லாமே ஒன்றாகப் போவதும் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு ஒரே பிற்பகலில் மின்சாரம் போனது. ஈரி ஏரிக் கரையிலேயே இருக்கும் கிளீவ்லாந்து நகரில் குழாய் வறண்டது. அவ்வளவு தூரம் போவானேன், கஜாவை நாம் பார்க்கவில்லையா?

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் அந்தப் புயல் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. என்னிடம் இருந்த மூன்று ஜெனரேட்டர்களையும் டிராக்டரில் ஏற்றி, ஊர் ஊராகத் தொட்டி நிரப்பினோம். ஓட்டிய நேரத்தைவிட ஒயர் இணைத்த நேரம்தான் அதிகம். மோட்டாரை மின்வாரியக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச் எங்கும் இல்லை. அது இல்லாமல் நேராக இணைத்தால் நம் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிக் கம்பிக்கு ஏறும். கம்பத்தின்மேல் இருப்பவர் செத்துப்போவார். அதனால் ஒவ்வோர் ஊரிலும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கைவைப்பேன். ஓர் ஊரில் மோட்டார் நன்றாக உறுமியது, தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீர் சிறுநீர் போல வந்தது. மூன்று முனைகளில் இரண்டு இடம் மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கீழே நின்ற ஆயா ஒருத்தி குலவையிட்டாள்.

ஆகவே எல்லா நிலையத்துக்கும் சொந்த ஜெனரேட்டர் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. (வியாபாரிக்கு அழகா இது என்று என் மனைவி கேட்டாள்.) கழிவுநீர் நிலையங்களில் பெரியவற்றுக்குச் சொந்தமாக ஒன்று, மற்ற இடங்களில் வெளிச்சுவரில், வெள்ளம் எட்டாத உயரத்தில், மாற்றுச் சுவிட்சும் வண்ணம் குறித்த மூன்று முனைகளும். வண்டியில் கொண்டுவரும் ஜெனரேட்டரைப் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம்.

வாங்கி வைப்பது சுலபம், வைத்திருப்பதுதான் பாடு. வேறோர் ஊரில், கனமழை இரவில், 125 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் ஓடவில்லை என்று என்னை அழைத்தார்கள். தார்ப்பாயை விலக்கினேன். மணிக்கணக்குக் காட்டும் மீட்டரில் 11 என்று இருந்தது. வாங்கி ஆறு ஆண்டுகள், ஓடியது பதினொரு மணி நேரம்! பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. டீசல் வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் கூழ். என் வண்டியின் பேட்டரியைக் கழற்றிப் போட்டு, வடிகட்டியை மாற்றி ஓட்டியபோது மணி மூன்று. அதற்குள் பக்கத்துத் தெருவில் நான்கு வீடுகளின் கழிப்பறை வழியாக எல்லாம் மேலே வந்துவிட்டது. அந்த நிலையத்தின் ஆபரேட்டர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “மாதம் ஒருமுறை ஓட்டுவதற்கு டீசல் கேட்டேன் தம்பி, கணக்கில் இடமில்லை என்றார்கள்” என்றார்.

அந்த அளவு ஜெனரேட்டர் முக்கால் சுமையில் ஓடினால் மணிக்கு இருபது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 லிட்டர். மரம் விழுந்த சாலையில் டீசல் லாரி வராது. மின்சாரம் இல்லாத பங்க்கில் பம்பும் ஓடாது. இதையும் விலைப்புள்ளியில் எழுதினேன்: இரண்டு நாளுக்கான டீசல், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மோட்டாரையே இணைத்து ஓட்டிப் பார்ப்பது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பேட்டரி.

நேற்று திருத்திய பட்டியல் வந்தது. கழிவுநீர் நிலையங்கள் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு ஏறியிருக்கின்றன. மாற்றுச் சுவிட்சுக்கு ஒப்புதல். வாராந்திர ஓட்டத்துக்கான டீசல் என்ற வரியின்மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. நாளை மறுபடியும் போகிறேன். அந்தக் கறுப்புக் கூழ் வடிகட்டி இன்னும் என் பட்டறையில்தான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.